ஒப்புதல் பெற்ற வட்டம்

கட்டட ஒப்புதல் அலுவலகம் இதுவரை தவறு செய்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தின் வாசலிலேயே பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. அதை நேராக்கினால் இத்தனை நாள் சாய்ந்திருந்ததை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை.

இந்த அலுவலகத்தை முழு மனதோடு நம்பிய மனிதர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான் உண்டு. அவர் ஒரு பேருந்து ஓட்டுநர். ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்திவிடுவார். பின்னாலிருந்து பயணிகள் முணுமுணுத்தால், "விளக்கு சும்மா எரியாதுங்க" என்பார். ஒருமுறை விளக்கு பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டது. பயணிகள் இறங்கி நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவரும் அவருடைய பேருந்தும் விளக்கைச் சரிசெய்ய ஆள் வரும்வரை அங்கேயே நின்றார்கள்.

அப்படிப்பட்டவர் வீடு கட்டக் கிளம்பியதற்குக் காரணம் அவருடைய மாமனார்.

குடும்பம் வாடகைக்கு இருந்தது மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. மாமனார் ஆயுள் முழுக்க சலூன் வைத்திருந்தவர். நின்று நின்றே இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், மகள் வீட்டோடு வந்து இருக்கட்டும் என்று அந்த மாடிக்கு ஏற்றினார்கள். ஏறியதுதான், அப்புறம் இறங்கவில்லை. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். வாய் திறந்து எதையும் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் அவர் ஒருநாள் கேட்டபோது ஓட்டுநர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"மாப்பிள்ளை, இங்கிருந்து பாத்தா எல்லாருக்கும் தலை மட்டும்தான் இருக்கு. ஆயுசு பூரா நான் பாத்ததும் தலைதான். மூஞ்சிய கண்ணாடிக்குள்ளதான் பாப்பேன். இனியாவது தரையோட உக்காந்து, போற வர்றவங்க மூஞ்சிய நேருக்கு நேரா பாக்கணும்னு ஒரு ஆசை. முடியலன்னா பரவால்ல."

பரவாயில்லை என்று அவர் சொன்னதுதான் ஓட்டுநரைத் தூங்கவிடவில்லை. சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும் போட்டு, தன் பேருந்தின் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுகலான மனையை வாங்கினார். மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். நாலாவது பக்கம் தெரு. தெருவைப் பார்த்து ஒரு முன்னறை, அதில் ஒரு பெரிய ஜன்னல், படியே இல்லாத வாசல். வீடு என்று அவர் கேட்டது அவ்வளவுதான். மற்ற அறைகளை வரைபடக்காரர் தானாகவே மிச்ச இடத்தில் சேர்த்துக்கொண்டார்.

ஒரே தாளில் இரண்டு படங்கள். மேலே இருந்தது வீட்டை உச்சியிலிருந்து பார்த்தால் தெரிகிற படம். கீழே இருந்தது தெருவில் நின்று பார்த்தால் தெரிகிற முகப்புப் படம். ஓட்டுநரின் மனைவி ஒரு மருத்துவமனை கேன்டீனில் டீ கவுன்டரைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து தாடை வரை ஒரு கயிற்றைப் பிடித்து, தாடை வந்த இடத்தில் முடிச்சு போட்டாள். அந்த முடிச்சு உயரத்தை முகப்புப் படத்தில் ஜன்னலுக்குள் பென்சிலால் ஒரு புள்ளியாக வைக்கச் சொன்னாள். அப்பாவின் தாடை அங்கே வந்தாக வேண்டும்.

வரைபடம் அலுவலகத்துக்குள் போனது. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் உள்ளேயே இருந்தது. மேசை மேசையாக ஏறி இறங்கி ஒருவழியாக வெளியே வந்தபோது அதில் ஒரு முத்திரையும், யார் யாருடையதோ கையெழுத்துகளும், மேல் படத்தில் ஒரு பழுப்பு வட்டமும் இருந்தன. வட்டம் முன்னறையின் மேல், ஜன்னல் சுவரை விழுங்கிக்கொண்டு, பாதி அறைக்குள்ளும் பாதி தெருவிலுமாக உட்கார்ந்திருந்தது. அறை பக்கம் ஓரிடத்தில் வட்டம் கூடாமல் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. பக்கத்தில் ஒரு சொட்டு.

"டீ" என்றார் வீடு கட்ட அமர்த்திய மேஸ்திரி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. கோட்டின் மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

எறும்பை ஊதிவிட்டு அஸ்திவாரம் தோண்டினார்கள். வேலை நன்றாகவே நடந்தது. தினமும் வண்டியை விட்டுவிட்டு மனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார் ஓட்டுநர். மாமனார் தூங்காமல் காத்திருந்து, இன்றைக்கு எதுவரை வந்தது என்று கேட்பார். சுவர் முழங்கால் வரை வந்தது, இடுப்பு வரை வந்தது என்று சொல்லச் சொல்ல, அவர் தன் முழங்காலையும் இடுப்பையும் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஜன்னலின் அடிச்சுவரை மேஸ்திரி கயிற்று முடிச்சை வைத்துப் பார்த்துதான் கட்டினார். ஜன்னல் சட்டம் நின்ற நாளில் மாமனார் இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார்.

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. செருப்பைக்கூட வெளியே கழற்றிவிட்டுத்தான், கூரையில்லாத அந்த வீட்டுக்குள் வந்தார். நாடாவைப் பிடித்து ஒவ்வொரு சுவராக அளந்து, வரைபடத்தைப் பார்த்து, தலையாட்டி, டிக் அடித்துக்கொண்டே வந்தார். முன்னறையில் நின்றார். வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். வெளியே தெருவுக்குப் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து, வட்டம் எங்கே என்று கேட்டார்.

எந்த வட்டம் என்று ஓட்டுநர் கேட்டார். ஆய்வாளர் விரலால் காட்டினார்.

"அது டீ சார்" என்றார் ஓட்டுநர்.

ஆய்வாளருக்குக் கோபமே வரவில்லை. விஷயம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "ஆபீஸ்ல மேசை மேல டீ வைக்கத் தடை இருக்குங்க. சுற்றறிக்கை போட்டு எல்லாரும் கையெழுத்து போட்டிருக்கோம். அதனால எங்க மேசையில டீ கிடையாது. மேசையில இல்லாத டீ பிளான்ல எப்படி வரும்? அப்ப இது டீ இல்ல. டீயா இல்லாத ஒரு வட்டம், முத்திரை கையெழுத்தோட வெளிய வந்திருக்குன்னா, அது ஒப்புதல் அளிக்கப்பட்ட வட்டம்."

இதில் எங்கே ஓட்டை என்று ஓட்டுநர் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. விளக்கு சும்மா எரியாது என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு எப்படிக் கிடைக்கும்? மேஸ்திரிதான், அப்படியென்றால் இந்தச் சொட்டு என்ன என்று குறும்பாகக் கேட்டார். ஆய்வாளர் குனிந்து பார்த்துவிட்டு, "கவனிக்காம விட்டிருப்பேன், நல்லவேளை சொன்னீங்க. இது தூண்" என்று குறித்துக்கொண்டார். மேஸ்திரி அதன்பிறகு எந்த அதிகாரியிடமும் குறும்பு செய்யவில்லை.

வட்டம் கட்டப்படும்வரை வேறு எதையும் கட்டக் கூடாது என்று சுவரில் சுண்ணாம்பால் எழுதிவிட்டு ஆய்வாளர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் ஓட்டுநர் சீருடையோடு அலுவலகத்துக்குப் போனார். சீருடையில் போனால் ஒரு துறைக்கு இன்னொரு துறை மரியாதை கொடுக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. துணை அதிகாரியின் அறையில், நாற்காலிக்குப் பின்னால், மேசையில் தேநீர் வைக்கலாகாது என்கிற சுற்றறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதன் மூலையிலும் ஒரு பழுப்பு வட்டம் இருந்தது. அதுவும் ஒப்புதல் பெற்றதாகத்தான் இருக்கும் என்று ஓட்டுநர் நினைத்துக்கொண்டார்.

துணை அதிகாரி ஓட்டுநரை உட்காரச் சொன்னார், வரைபடத்தை மேசையில் விரிக்கச் சொன்னார், முழுதாகக் கேட்டார். நல்ல மனிதர். கேட்டுக்கொண்டே டீயைக் குடித்தார்.

"உங்க கஷ்டம் புரியுது" என்றார். "ஆனா நீங்க கேக்கறது என்னன்னு யோசிச்சுப் பாருங்க. இத டீன்னு நான் எழுதிக் கொடுத்தா, இங்க ஒருத்தர் டீ வெச்சார்னு ஆகும். யார் வெச்சதுன்னு கேப்பாங்க. இந்த பிளான் வராத மேசையே இல்ல. அப்ப எல்லாரும் குத்தவாளி. ஒரு ஜன்னலுக்காக இத்தனை குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்தச் சொல்றீங்களா? முன்னாடி இங்க தவறு திருத்தும் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. அங்க இருந்தவங்க ரொம்ப வேலை செய்ய ஆரம்பிச்சாங்க. தவறே நடக்காத ஆபீஸ்ல அவங்களுக்கு எப்படி வேலை வருதுன்னு சந்தேகப்பட்டு மூடிட்டோம்."

இதைச் சொல்லிக்கொண்டே அவர் கிளாஸைக் கீழே வைத்தார். ஓட்டுநர் பார்த்துக்கொண்டே இருந்தார். பேருந்தின் முன்னால் யாராவது குறுக்கே வந்தால் அவருடைய கால் தானாக பிரேக்கை மிதிக்கும். இப்போதும் மிதித்தது. மேசைக்கு அடியில் தரையைத்தான் மிதித்தது. கிளாஸ் நேராக வரைபடத்தில் இருந்த வாசல் கதவின் மேல் போய் இறங்கியது.

"சார், கிளாஸ்" என்றார்.

"எந்தக் கிளாஸ்?" என்று கேட்டபடி துணை அதிகாரி அதை எடுத்து இன்னொரு வாய் குடித்தார்.

இப்படியாக வாசலிலும் ஒரு வட்டம் வந்தது. முன்னதைவிடச் சின்னது, ஆனால் முழு வட்டம். ஓட்டுநர் அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "நீங்க கைய நீட்டி வாங்கியிருக்கக் கூடாதா?" என்றாள். அது சட்டப்படி சரியா என்று யோசிப்பதற்குள் நேரம் ஆகிவிட்டதாக அவர் சொன்னார். அவள் அப்பாவுக்குச் சோறு எடுத்து வைக்கப் போனாள். பாத்திரங்கள் பேசின.

வட்டங்கள் என்னவென்று தீர்மானிக்க ஒரு வல்லுநர் குழு கூடியது. உரிமையாளர் என்கிற முறையில் ஓட்டுநரையும் அழைத்திருந்தார்கள். இந்தமுறை அவர் உஷாராக இருந்தார். வல்லுநர்களுக்கு டீ வந்ததும் எழுந்து நின்று, யார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கையை இறக்கினாலும் போய்க் கிளாஸை வாங்கிக்கொண்டார். கூட்டம் முழுக்க, இரண்டு கையிலும் கிளாஸ்களோடு, யார் பக்கம் கை நீளுகிறதோ அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்தார். அவரை அலுவலகப் பணியாளர் என்று நினைத்துவிட்ட மூத்த வல்லுநர் பிஸ்கட் கொண்டுவரச் சொன்னார். அதையும் கொண்டுவந்தார்.

பழுப்பு நிறம் மண் வேலையைக் குறிக்கும், ஆகவே பெரிய வட்டம் ஒரு கிணறு என்றார் ஒருவர். பாதிக் கிணறு தெருவில் இருக்கிறதே, தெருவில் போகிறவர்கள் விழ மாட்டார்களா என்று இன்னொருவர் கேட்டார். விழுவது வேறு துறையைச் சேர்ந்தது என்று முதலாமவர் விளக்கினார். மூத்த வல்லுநர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கிணறு என்றால் நீர்த்துறையின் ஒப்புதல் வேண்டும், அவர்கள் நம்மைவிட மெதுவாக வேலை செய்கிறவர்கள், ஆகவே இது சுவர் என்று தீர்ப்பளித்தார். வட்டம் விட்டுப்போன இடம் உள்ளே போகும் வழி. ஜன்னலின் மேல் கோடு ஓடுவதால் ஜன்னல் அடைபடும். வாசலில் உள்ள சின்ன வட்டம், நடுவில் ஒன்றும் இல்லாததால், கெட்டியான மேடை. தெருவுக்குள் வட்டம் நீட்டிக்கொண்டிருப்பது ஆக்கிரமிப்பு ஆகாதா என்று யாரோ கேட்டார்கள். ஒப்புதல் பெற்ற வட்டத்தைத் தெரு ஆக்கிரமித்திருக்கிறது என்று குறிப்பு எழுதப்பட்டது.

மேஸ்திரி ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்தெடுத்து ஓரமாகச் சாய்த்துவைத்தார். வட்டச் சுவர் எழும்பியது. பெயர்த்த அன்று அவர் மதியச் சோற்றை அப்படியே திருப்பி எடுத்துப் போனார். ஆனாலும் கை சும்மா இருக்குமா? வளைவு கோணாமல் இருக்க நடுவில் ஒரு குச்சி நட்டு, கயிறு கட்டிச் சுற்றிச் சுற்றி வந்து செங்கல் அடுக்கினார். கட்டி முடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு அநியாயத்த இவ்வளவு அழகா நான் கட்டினதே இல்ல" என்றார். வாசல் நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு மேடையும் வந்தது. இனி அந்த வீட்டுக்குள் யாராக இருந்தாலும் ஒருக்களித்துத்தான் போக வேண்டும்.

சுவர் முழுதாக எழும்பியபின் ஆய்வாளர் வந்து பார்த்தார். ஒருக்களித்து உள்ளே போய், வட்டத்துக்குள் நின்று, கையைத் தட்டிப் பார்த்தார். கிணற்றுக்குள் நின்று தட்டியது மாதிரி சத்தம் வந்தது. உள்ளே கும்மிருட்டு. "பாத்தீங்களா, இப்பதான் வீடு பிளான் மாதிரி இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னார். தலைமை அதிகாரி வரைபடத்தில் கடைசிக் கையெழுத்து போட்டுவிட்டால் குடிபோகலாம் என்றார்.

கூரை போட்டு முடித்த பிறகும் ஓட்டுநரால் மாமனாரிடம் சொல்ல முடியவில்லை. ஜன்னலுக்குக் கதவு போட்டாச்சா என்று அவர் கேட்பார். இன்னும் இல்லை மாமா என்பார் இவர். அது பொய் இல்லை என்றாலும், சொன்னதும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியும் கூட இருக்கும்போது, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

மாமனார் தெருவைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கீழே யாரோ குடை பிடித்துக்கொண்டு போனார்கள். அதனால் தலைகூட தெரியவில்லை.

"பரவால்ல மாப்பிள்ளை" என்றார். "தலையும் நல்லாத்தான் இருக்கு. அந்த முட்டுச்சந்து வீட்டுக்காரர் வகிட மாத்தி எடுக்கறார், கவனிச்சீங்களா? பாத்துட்டே இருந்தா பொழுது போயிடும்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மகள் கையில் கொடுத்தார். முடிச்சு போட்ட கயிறு. மேஸ்திரியிடம் இருந்ததை அவர்தான் கேட்டு வாங்கிவரச் சொல்லி, இத்தனை நாளாக வைத்திருந்திருக்கிறார். இனி தேவைப்படாது, துணி காயப்போட ஆகும் என்றார். அவள் அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ஓட்டுநர் பின்னாலேயே போனார். அவள் அழுவாள் என்று நினைத்தார். அவள் ஃப்ளாஸ்கைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பிளான் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

தலைமை அதிகாரியின் மேசையில் என்றார்.

"நாளைக்கு நானும் வரேன். நன்றி சொல்லிட்டு வரலாம்."

நன்றியா என்று அவர் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அவள் பதில் சொல்லாத கேள்விகளைத் திரும்பக் கேட்கக் கூடாது என்கிற விதியை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

தலைமை அதிகாரியின் அறை பெரியது. மேசை அதைவிடப் பெரியதோ என்று தோன்றும். அவர் எதிரே அந்த வரைபடம் விரிந்து கிடந்தது. மனைவி வணக்கம் சொன்னாள். வீடு முடிந்துவிட்டது, எல்லாம் உங்கள் புண்ணியம், உங்களுக்காகவே போட்டுக் கொண்டுவந்தேன் என்று சொல்லி ஃப்ளாஸ்கைத் திறந்தாள். வாசனை அறை முழுக்கப் பரவியது. அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மேசையில டீ வைக்கக் கூடாதும்மா" என்றார்.

"தெரியும் சார். மேசையில வைக்கமாட்டேன்" என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கிளாஸின் விளிம்பு தளும்ப ஊற்றி, மேசையில் வைக்காமல், வரைபடத்தின் மேல் வைத்தாள். கீழே இருந்த முகப்புப் படத்தில், ஜன்னல் இருந்த இடத்தில், பென்சில் புள்ளி வட்டத்தின் அடியில் வரும்படி வைத்தாள்.

ஓட்டுநரின் கை தானாக முன்னால் போனது. அவள் அவருடைய காலை மிதித்தாள். கேன்டீன் கவுன்டரில் நாள் முழுக்க நிற்கிற கால். கை திரும்ப வந்துவிட்டது.

பேசிக்கொண்டே டீ குடிக்கிறவர்கள் கிளாஸை எடுத்த இடத்திலேயேதான் திரும்ப வைப்பார்கள் என்பது கவுன்டரில் நிற்கிற யாருக்கும் தெரியும். எனவே அவரைப் பேசவைக்க வேண்டியதுதான் பாக்கி. இவ்வளவு பெரிய வேலையை எப்படி சார் ஒருத்தராகச் சமாளிக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று தலைமை அதிகாரி பல வருடமாகக் காத்திருந்திருக்க வேண்டும்.

"ரகசியம் ஒண்ணுதாம்மா" என்றார். ஒரு வாய் குடித்தார், வைத்தார். "என் சர்வீஸ்ல நான் ஒப்புதல் கொடுத்த ஒரு வீட்டுக்குள்ளகூட கால் வெச்சதில்ல. போனா அங்க ஆளுங்க இருப்பாங்க. ஒருத்தர் படி ஏற முடியலம்பார், ஒருத்தர் காத்து வரலம்பார். மனசு இளகிடும்." குடித்தார், வைத்தார். "காகிதத்துல ஆளுங்க இல்ல. அதனாலதான் நியாயமா இருக்க முடியுது. ஜனங்க வீடு வீடுன்னு வந்து நிக்கறாங்க. நாங்க வீட்டுக்கு ஒப்புதல் கொடுக்கறதில்லன்னு அவங்களுக்குப் புரியறதே இல்ல. நாங்க காகிதத்துக்குத்தான் ஒப்புதல் கொடுக்கறோம். வீடு அதுக்கு அடங்கி நடந்துக்கணும்." குடித்தார், வைத்தார். "நல்ல டீ."

"இன்னொரு கிளாஸ் சார்" என்றாள் அவள்.

அவர் கையெழுத்து போட்டு முடிப்பதற்குள் முகப்புப் படத்தில் ஒரு வட்டம் நன்றாக ஊறி, காய்ந்து, விளிம்பு கருத்துவிட்டது. அந்த அலுவலகத்திலிருந்து அவ்வளவு அழுத்தமான ஒப்புதல் அதற்கு முன் வெளியே போனதில்லை.

கடைசிச் சரிபார்ப்புக்கு ஆய்வாளர் வந்தார். வரைபடத்தோடு தெருவில் நின்று முகப்பைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். இந்தச் சுவரில் வட்டமாக ஒன்று இருக்கிறதே, அது எங்கே என்று கேட்டார்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஓட்டுநர் உண்மையையே சொன்னார். "அது டீ சார்."

ஆய்வாளருக்கு முதல்முறையாகக் கொஞ்சம் கோபம் வந்தது. "உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? எங்க ஆபீஸ்ல மேசை மேல டீ கிடையாது. அதுவும் தலைமை அதிகாரி கையெழுத்துக்குப் பக்கத்துலயா? முகப்புப் படத்துல தரையைத் தொடாம ஒரு வட்டம் இருந்தா அது ஜன்னல். ஒப்புதல் அளிக்கப்பட்ட ஜன்னல வைக்காம விட்டிருக்கீங்க. இப்பவே உடைச்சு வைக்கலன்னா வீட்டுக்கு சீல் வைக்க வேண்டியிருக்கும்."

வேறு வழியில்லை என்று ஓட்டுநர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி உளியை ஏற்கெனவே கையில் வைத்திருந்தார். முகத்தை மட்டும் மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டு, தான் கட்டிய அழகான அநியாயத்தைத் தானே வட்டமாகக் குடைந்தெடுத்தார். மனைவி கொண்டுவந்து கொடுத்த கயிற்றைத் தரையிலிருந்து பிடித்துப் பார்த்து, அடிவிளிம்பு முடிச்சுக்கு நேராக வரும்படி வைத்தார். வட்டச் சுவர் தெருவுக்குள் துருத்திக்கொண்டிருந்ததால், பழைய ஜன்னலில் தெரிந்திருக்கக்கூடியதைவிட இதில் தெரு இரண்டு பக்கமும் கடைசிவரை தெரிந்தது.

குடிவந்த அன்று ஓட்டுநரும் மேஸ்திரியும் மாமனாரை நாற்காலியோடு தூக்கி மூன்று மாடியும் இறக்கினார்கள். புது வீட்டு வாசலில் மேடை இருந்ததால் நாற்காலியை ஒருக்களித்து, தலைக்கு மேல் தூக்கி, ஒருவழியாக உள்ளே கொண்டுபோய் வட்டத்துக்குள் இறக்கிவைத்தார்கள். தாடை சரியாக ஜன்னல் விளிம்புக்கு வந்தது.

மாமனார் தெருவைப் பார்த்தார். ஒரு பெண் பால் பாத்திரத்தோடு போனாள். ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்து, இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

"மாப்பிள்ளை" என்றார். "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மூக்கு."

அவருக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் நேரமில்லை. துடைக்கிற நேரத்தில் இன்னொரு முகம் கடந்துபோய்விடும். மகள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் தெருவில் வந்தார். அடுத்த தெருவில் ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறாராம். கக்கத்தில் கோப்பு. ஜன்னலில் முகத்தைக் கண்டதும் நின்று, வட்டத்தைத் தடவிப் பார்த்து, எல்லாம் பிளான்படி அமைந்திருக்கிறது என்று மாமனாருக்கு வாழ்த்துச் சொன்னார். மனைவி ஜன்னல் வழியாக அவருக்கும் ஒரு கிளாஸ் நீட்டினாள். கக்கத்திலிருந்த கோப்பு நழுவாமலிருக்க அதை ஜன்னல் விளிம்பில் விரித்து வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே ஏதோ ஒரு வீட்டின் வரைபடம். முத்திரை போடக் காத்திருக்கிறது. சின்ன வீடுதான். பின்பக்கம் ஒரு அறைக்குள் யாரோ பென்சிலால், அவசரமான கையெழுத்தில், அம்மா என்று எழுதியிருந்தார்கள்.

ஆய்வாளர் ஒரு வாய் குடித்தார். முகப்பின் அழகைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேசிக்கொண்டே கிளாஸை இறக்கினார். அது அந்தப் பின்னறையை நோக்கித்தான் வந்தது.

ஓட்டுநர் கையை நீட்டினார். கிளாஸ் அவருடைய உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. ஆய்வாளர் கவனிக்கவில்லை. எடுப்பதும் குடிப்பதும் அந்தக் கையின் மேலேயே வைப்பதுமாகப் பேசிக்கொண்டே இருந்தார்.

மாமனார் மட்டும் ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தார், மருமகனின் முகத்தைப் பார்த்தார்.

"கை சுடலையா மாப்பிள்ளை?"

"சுடுது மாமா" என்றார் ஓட்டுநர். கையை எடுக்கவில்லை.